சாதி பார்க்கவில்லை என்றால் கணக்கைக் காட்டுங்கள்!

"ஜாவாஸ்கிரிப்ட்டுக்குச் சாதி தெரியாது. இணையத்தில் எல்லாம் இலவசம். ஆறு மாதம் உழைத்தால் யாரும் வெப் டெவலப்பர் ஆகலாம்." தி.நகர் பயிற்சி மையங்களிலிருந்து கல்லூரி பிளேஸ்மென்ட் கூட்டங்கள் வரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை இது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பது ஜாவாஸ்கிரிப்ட் இல்லையே!

முதலில் அந்த ஆறு மாதத்தைப் பேசுவோம். அடையாறில் சொந்த வீடு, தனி அறை, வைஃபை, ஐ.டி.யில் இருக்கும் சித்தப்பா என்று வாழும் பையனுக்குச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் ஒரு முதலீடு. பெரும்பாக்கத்தில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து எழுந்து, கல்விக் கடனும் கட்ட வேண்டிய பெண்ணுக்கு அது பட்டினி. இரண்டு பேரும் ஒரே கோடை எழுதலாம். எழுதிப் பழகும் காலத்துக்குச் செலவழிக்க யாரிடம் காசு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ரெஃபரலும் அப்படித்தான். அது உறவுக்குள்ளும் தெருவுக்குள்ளும் சுற்றுகிறது. நம் தெருவில் அதைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம். பெயரில் தெரியாதது முகவரியில் தெரிந்துவிடுகிறது. கண்ணகி நகர் என்று ரெஸ்யூமில் போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். சிலர் உறவினர் வீட்டு முகவரியைப் போட்டு விண்ணப்பிக்கிறார்கள். அந்த முகவரியை நம் மக்கள் கேட்டா வாங்கினார்கள்? நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அங்கே நட்டது அரசு. மயிலாப்பூருக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்தே இறந்தார். கண்ணகி நகர்ப் பெண்கள் பலர் ஓ.எம்.ஆர். ஐ.டி. கட்டடங்களில் தரை துடைக்கிறார்கள். அந்தக் கட்டடங்களில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டும் நாற்காலி இல்லை.

இது நம் பிரமை என்பார்கள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரம் சோதித்தார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வேறு வேறு பெயர் என்று 4,808 விண்ணப்பங்கள் போட்டார்கள். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பெயருக்கு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 2007இல் வெளிவந்த முடிவு இது. தகுதி சமமாக இருக்கும்போதே இந்த நிலை என்றால், 'மெரிட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

அரசியல் சட்டம் 16(4) அரசு வேலைக்கு மட்டும்தான். தனியார் துறை பற்றிப் பேசுவோம் என்று 2004இல் மத்திய அரசு வாக்குக் கொடுத்தது. தாமாகவே செய்கிறோம் என்று தொழிலதிபர் சங்கங்கள் சொல்லின. சட்டம் இன்றுவரை வரவில்லை. ஆனால் தரமணி டைடல் பார்க்கைக் கட்டியது அரசின் டிட்கோவும் எல்காட்டும். சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு வரிச்சலுகை கொடுத்ததும் அரசு. பொதுச் சொத்து வேண்டும், பொது நீதி மட்டும் வேண்டாமா?

"நாங்கள் சாதியே பார்ப்பதில்லை" என்பது இவர்களுடைய பதில். அப்படியானால் எண்ணிக் காட்டட்டும். செபி கேட்கும் ஆண்டறிக்கையில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று பெரிய நிறுவனங்கள் எழுதுகின்றன. தலித்துகள் எத்தனை என்ற கட்டமே அதில் இல்லை. கூகுள் 2014இல் அமெரிக்காவில் தன் ஊழியர்களின் இனவாரிக் கணக்கை வெளியிட்டது. அங்கே எண்ண முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தி.நகர் பனகல் பூங்கா பெயர் தாங்கும் பனகல் அரசரின் ஆட்சியில்தான் 1921இல் வகுப்புவாரி அரசாணை வந்தது. புதிதாக வேலைக்கு எடுத்தவர்களை வகுப்புவாரியாக எண்ணி அரையாண்டுக்கு ஒருமுறை அனுப்பு என்று அரசு அலுவலகங்களுக்குச் சொன்ன ஆணை அது. அந்தப் பட்டியலில்கூட நமக்குத் தனிக் கட்டம் இல்லை, 'இதரர்' என்பதற்குள் அடைத்தார்கள். ஆனாலும் பாடம் தெளிவு: கணக்கு முதலில், பங்கு அடுத்து. நூறு வருடம் கழித்து ஐ.டி. நிறுவனங்களிடம் நாம் கேட்பதும் அதைத்தான்.

தோழர்களே, கோடிங்கை விடாதீர்கள். நன்றாகப் படியுங்கள். நேர்காணலில் அப்பா தொழிலையும் சொந்த ஊரையும் கேட்டால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். உள்ளே போனவர்கள் அடுத்த இரண்டு பேருக்கு ரெஃபரல் கொடுங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பைத் தடை செய், சாதிவாரிப் பணியாளர் கணக்கை வெளியிடு, தனியார் துறையில் இட ஒதுக்கீடு கொடு என்று ஒவ்வொரு மேடையிலும் சேர்ந்து கேட்போம்.

ஜெய் பீம்!