எந்தக் கண் என்று தியேட்டரில் யார் கேட்பது?

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலை வருஷக்கணக்கில் பார்த்த கண். ஈசிஆர் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போவார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். எந்தக் கண் என்று யாரும் கேட்காவிட்டால் அவரும் கேட்க மாட்டார். 'டாக்டருக்குத் தெரியாதா என்ன?'

இந்தக் கடற்கரை இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்குக் கண் ஆபரேஷனில் ஒரு பழைய காயம் உண்டு. 2008 ஜூலையில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கிராம மக்கள் இலவச முகாம் வழியாகப் பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் கிருமித்தொற்று. 60-க்கும் மேற்பட்டோருக்கு ஒரு கண் பார்வை போனது. வழக்கு சிபிஐ வரை சென்றது.

அதற்கு முந்தைய மாதம்தான் உலக சுகாதார அமைப்பு அறுவை சிகிச்சைக்கான செக்லிஸ்ட்டை வெளியிட்டிருந்தது. ஒரே பக்கம், 19 கேள்விகள். 'கருவிகள் கிருமிநீக்கம் ஆனது உறுதியா?' என்பதும் அதில் ஒன்று. (தாளைப் பார்த்துக் கிருமி ஓடிவிடாதுதான். ஆனால் கேட்டால் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.)

மூன்று இடங்களில் நின்று கேட்க வேண்டும். மயக்க மருந்துக்கு முன்: நோயாளியின் பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா. கத்தி வைக்கும் முன்: அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் வேலையையும் சொன்னார்களா, ஆன்டிபயாடிக் தேவையென்றால் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் போட்டாயிற்றா. தியேட்டரை விட்டு வெளியேறும் முன்: பஞ்சு, ஊசி, கருவி எண்ணிக்கை சரியா, இனி எதைக் கவனிக்க வேண்டும்.

பலன் உண்டா? டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில், 7,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2009-ல் வந்த முடிவின்படி, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன.

ஆனால், கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான முடிவு வேறு மாதிரி. மருத்துவமனைகள் சொன்ன கணக்கில் கிட்டத்தட்ட எல்லா ஆபரேஷனிலும் செக்லிஸ்ட் நிரப்பப்பட்டது. இறப்பு விகிதத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. டிக் அடிப்பதும் நின்று கேட்பதும் ஒன்றல்ல என்பதே இதற்கு நாம் சொல்லும் காரணம். "சார், ஒரு பஞ்சு குறையுது" என்று ஜூனியர் நர்ஸ் சொன்னால், தையல் போடும் கை நிற்க வேண்டும். சீனியர் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேச்சை விழுங்கும் அறையில் எந்தத் தாளும் வேலை செய்யாது. எனவே சுகாதாரத் துறை, நிரப்பிய படிவங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, தியேட்டருக்குள் ஆள் அனுப்பி இந்தக் கேள்விகள் வாய்விட்டுக் கேட்கப்படுகின்றனவா என்று பார்க்கட்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் நர்ஸுக்கு மெமோ வராது என்ற உறுதியையும் எழுத்தில் தரட்டும்.

ஆபத்து தியேட்டர் வாசலோடு முடிவதில்லை. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. காலில் போட்ட கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டம் தடைபட்டதாக அரசுத் தரப்பே சொன்னது. காலை அகற்றியும் உயிர் மிஞ்சவில்லை. 'இனி எதைக் கவனிக்க வேண்டும்' என்ற அந்தக் கடைசிக் கேள்விதான் இங்கே நினைவுக்கு வருகிறது.

அம்மாவுடன் துணைக்குப் போகப்போவது அநேகமாக நீங்கள்தான். பெயரையும் கண்ணையும் நான்கு பேர் நான்கு முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்; நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். யாருமே கேட்காவிட்டால், "எந்தக் கண்ணுன்னு மார்க் பண்ணிட்டீங்களா சிஸ்டர்?" என்று நீங்களே கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது, ராத்திரி வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஒரு நம்பர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.