அயல்நாட்டு உடன்படிக்கையும் ஆரணிப் பட்டும்

அயல்நாடுகளுடன் செய்துகொள்ளப்படும் வியாபார உடன்படிக்கைகள் துறைமுகப் பட்டினத்து வர்த்தகருக்கும் தலைநகரத்து அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியவை என்று பயிர்த்தொழில் செய்வோரிற் பலர் எண்ணி வருகின்றனர். ஆரணியின் பட்டுத் தறிகளை உற்று நோக்குவோர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள நேரிடும். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அவ்வூரில் ஒரு நெசவாளி கையிலிருந்த பாவை முடித்துவிட்டு அடுத்த பாவுக்காகத் திண்ணையில் காத்திருக்கிறார். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் ஒரு குடியானவர் தம் கூடுகளுக்கு என்ன விலை விழுமோ என்று காத்திருக்கிறார். இவ்விருவர் காத்திருப்புக்கும் காரணம் பல சமயங்களில் ஒன்றே. வெளிநாட்டுக் கச்சாப்பட்டின் மீது இந்திய சர்க்கார் விதிக்கும் இறக்குமதி வரியே அது.

திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் ஒருங்கே பெயர் பெற்ற ஊர். அரிசியைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 20 வீதம் வரி விதிக்கப்பட்டதும், அடுத்த ஆண்டில் அது குறைக்கப்பட்டுப் பின் நீக்கப்பட்டதும் நெல் விளைவிப்போர் அறிந்த செய்திகளே. பட்டின் நிலைமை அத்தனை வெளிப்படையானதன்று. பட்டும் நெல்லைப்போல் நிலத்தில் விளைவதுதான் என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். மல்பெரி இலையைப் புழு தின்று கூடு கட்ட, அக்கூட்டிலிருந்து இழுத்த நூல்தான் ஆரணிக்கு வருகிறது. அது கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு முதலிய ஜில்லாக்களிலும் கர்நாடகத்திலும் விளையும் கூட்டிலிருந்து வரலாம். சீன தேசத்துக் கூட்டிலிருந்தும் வரலாம்.

எங்கிருந்து வந்தாலென்ன என்று கேட்போர் தறியின் இயல்பை அறியாதவர். நீளவாட்டில் ஓடும் பாவு நூல், அச்சின் உராய்வையும் ஓயாத இழுப்பையும் தாங்கவேண்டும். குறுக்கே செல்லும் ஊடைக்கு அவ்வளவு உறுதி வேண்டியதில்லை. இந்நாட்டில் நெடுங்காலம் விளைந்துவந்த மஞ்சள் கூட்டின் இழை குட்டையானது. பருமன் ஒரே சீராய் இராது. சீனத்துப் பட்டோ வெண்கூட்டிலிருந்து எடுக்கப்படுவது, நீளமும் சீருமுடையது. அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு நெசவாளிக்குக் கூலி கிடையாது. ஆதலால் பாவுக்குச் சீனப்பட்டை நாடியவரைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆயின், அப்பட்டு மலிந்து வந்து குவியும்பொழுது மல்பெரி பயிரிட்டவரின் கூடு விலை போவதில்லை. ஒருவருக்கு நன்மையாவது மற்றொருவருக்குத் தீமையாய் முடியும் இவ்விடத்தில்தான் அயல்நாட்டு உடன்படிக்கையும் சுங்க வரியும் புகுகின்றன.

இத்தகைய பேச்சுவார்த்தைகளில் விளைபொருளுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி சான்று பகரும். ஜப்பான் தேசத்துடன் 1904-ல் ஏற்பட்டிருந்த வியாபார ஒப்பந்தத்தை இந்திய சர்க்கார் 1933-ல் முறித்துக்கொண்டனர். ஜப்பானியத் துணிகள் வெகு மலிவாக வந்து இறங்கியதே காரணம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அத்துணிகளுக்கு நூற்றுக்கு 75 வீதம் வரி விதிக்கப்பட்டது. ஜப்பானிய ஆலைக்காரர் உடனே இந்தியப் பருத்தியை வாங்க மறுத்துவிட்டனர். துணிக்கு இட்ட வரி பருத்தி விளைவித்த குடியானவரின் தலையில் வந்து விடிந்தது. சிம்லாவிலும் தில்லியிலும் மாதக்கணக்காகப் பேசி 1934-ல் ஏற்பட்ட உடன்படிக்கை பண்டமாற்றை ஒத்திருந்தது. ஜப்பான் 10 லட்சம் பேல் பருத்தி வாங்கினால் 32 1/2 கோடி கஜம் துணி அனுப்பலாம். 15 லட்சம் பேல் வாங்கினால் 40 கோடி கஜம் வரை அனுப்பலாம். வரியும் நூற்றுக்கு 50 ஆகக் குறைந்தது. அம்மேஜையில் எந்தப் பருத்திக் குடியானவரும் அமர்ந்திருக்கவில்லை. ஆயினும் இருதரப்பாரும் நிறுத்துப் பார்த்தது அவர்கள் விளைவித்த பொதியையே.

அதே 1934-ஆம் ஆண்டில்தான் கச்சாப்பட்டுக்கும் காப்பு வரி ஏற்பட்டது. மதிப்பில் நூற்றுக்கு 25-ம், அதன்மேல் ராத்தலுக்கு 14 அணாவும் விதிக்கப்பட்டன. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலத்துக் குடிகளுக்கு அது ஒருவாறு நிழலாயிற்று.

அண்மைக்கால வரலாறு இதனினும் குழப்பமானது. இறக்குமதி அளவின் மீதிருந்த கட்டுப்பாடுகள் 2001-ல் நீங்கின. சீனப்பட்டு அடக்க விலைக்கும் தாழ்ந்து வந்து குவிகிறதென்று கண்டு, 2003-ல் அதன்மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி ஏற்பட்டது. 2011-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலோ கச்சாப்பட்டின் சுங்க வரி 30 வீதத்திலிருந்து ஒரேயடியாக 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. நெசவாளர் மகிழ்ந்தனர், கூட்டு விலை சரிந்தது, கர்நாடகத்துப் பட்டு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினர். 2013-ல் வரி 15 வீதமாக உயர்ந்தது. இடையில் 10 வீதமாக இறங்கி, 2021-ல் மீண்டும் 15 வீதமாயிற்று. பத்தே ஆண்டுகளில் இத்தனை ஏற்றத்தாழ்வு!

வரி 5 ஆக இருப்பது நன்றா, 30 ஆக இருப்பது நன்றா என்று வாதிடுவோர் பலர். அவ்வாதத்தினும் கவனிக்கத்தக்கது வேறொன்று உண்டு. மல்பெரித் தோட்டம் ஒருமுறை நட்டால் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பயன் தருவது. அதற்கெனத் தனியே புழு வளர்ப்பு மனை கட்டவேண்டும், தட்டடுக்கு வாங்கவேண்டும், கடன் எடுக்கவேண்டும். அவ்வளவு செய்த குடியானவர் பதினைந்து ஆண்டைக் கணக்கிட்டு நடுகிறார். வரியோ எந்தப் பிப்ரவரி மாதத்திலும் மாறக்கூடும். விலை வீழ்ந்தவுடன் வேரோடு பிடுங்கிய தோட்டத்தை, விலை ஏறியவுடன் மறுபடி நட்டுக்கொள்ள இயலாது. நெசவாளியின் இன்னலும் இதைப் போன்றதே. அவர் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்திடமோ தனி முதலாளியிடமோ பாவும் ஊடையும் பெற்றுக் கூலிக்கு நெய்பவர். நூல் விலை ஏறினால் அது அவர் பையைத் தொடுவதில்லை, நாளைத் தொடுகிறது. விலை இறங்கட்டும் என்று முதலாளி பாவு கொடுப்பதைத் தாமதிக்க, தறி ஓய்ந்து நிற்கிறது. ஆகவே, வரி மிகுதியாயினும் குறைவாயினும், அது குறைந்தது ஐந்தாண்டுக்கு நிலையாய் இருக்குமென்று முன்கூட்டி அறிவிக்கப்படுவதே இருசாராருக்கும் நலம்.

அயல்நாட்டு உறவினால் தீமையே விளையும் என்று இதனால் கொள்ளலாகாது. ஜப்பானுடன் 1934-ல் துணிக்கும் பருத்திக்கும் பேரம் பேசிய இதே நாடு, 1991 முதல் 2007 வரை அத்தேசத்துடன் முற்றும் வேறுவிதமான உடன்படிக்கையில் இருந்தது. ஜப்பானியக் கூட்டுறவு முகமையும் மத்திய பட்டு வாரியமும் சேர்ந்து, வெண்கூடு கட்டும் புழு இந்நாட்டு வெப்பத்தில் தழைக்குமாறு ஆராய்ச்சி நடத்தின. மைசூரில் உருவான சி.எஸ்.ஆர். இனங்களும், அவற்றுக்கேற்ற வி-1 மல்பெரியும் அக்காலத்துப் பயன்களே. வெண்பட்டு உற்பத்தியில் தமிழ்நாடு இந்நாட்டில் முன்வரிசையில் நிற்கிறது. மஞ்சள் கூட்டைவிடக் குறைந்த எடையுள்ள வெண்கூட்டிலிருந்தே, ஏறக்குறைய 6 முதல் 7 கிலோவிலிருந்து, ஒரு கிலோ கச்சாப்பட்டு கிடைக்கிறது; அது பாவுக்கும் ஏற்றது. அக்கூட்டிலிருந்து சீரான நூல் எடுக்கும் தானியங்கி இயந்திரங்கள் முதலில் சீனத்திலிருந்தே வரவழைக்கப்பட்டன என்பது வேடிக்கையாய்த் தோன்றலாம். சீனப்பட்டைத் தடுத்ததில் சுங்கச்சாவடிக்கு எவ்வளவு பங்குண்டோ, சீன இயந்திரத்துக்கும் அவ்வளவு பங்குண்டு. நாட்டின் கச்சாப்பட்டு உற்பத்தி 2013-14-ல் 26,480 டன்னாயிருந்தது, 2023-24-ல் 38,913 டன்னாக உயர்ந்தது.

இனி வரும் உடன்படிக்கைகளில் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளுடன் செய்துகொண்ட வரிச்சலுகை ஒப்பந்தம் 2010-ல் அமலுக்கு வந்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் சலுகை, பொருள் உண்மையில் அந்நாட்டில் தோன்றியதாயின் மட்டுமே செல்லும். ஒரு நாட்டுப் பட்டு மற்றொரு நாட்டின் முத்திரையோடு வந்துவிட்டால் 15 வீத வரியும் வீணே. இதைச் சோதிக்க 2020-ல் தனி விதிகள் செய்யப்பட்டன. அவற்றைக் கண்டிப்பாய் நடத்தும்படி கேட்க வேண்டியவர் கூட்டு விளைவிப்போர் மட்டுமல்லர். ஆரணி நெசவாளர் சங்கங்களும் அவர்களோடு சேர்ந்து கேட்பது தகும். உள்நாட்டு வெண்பட்டு அழிந்தபின் சீன வியாபாரி சொன்னதே விலையாகும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் வேலை உண்டு. பேச்சுவார்த்தைக்குச் செல்லும் சர்க்கார் கையில் கொண்டுபோவது எண்கள். நிலத்தைப் பொறுத்த எண் அடங்கலிலிருந்து தொடங்குகிறது. வரப்போரத்தில் நட்ட மல்பெரியும், தென்னைக்கு ஊடுபயிராய் நிற்கும் மல்பெரியும் கணக்கில் விடுபடுவது எளிது; பிடுங்கிய தோட்டம் பழைய எழுத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. பயிராய்வுக்குச் செல்லும்போது மல்பெரி நின்ற பரப்பையும், நட்ட ஆண்டையும், பிடுங்கியிருந்தால் அதையும் அந்தந்தச் சர்வே எண்ணுக்கு நேரே குறித்து வைப்பது, வரி குறைந்தபோது யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பின்னர் கேட்கப்படும்போது காட்டத்தக்க ஒரே கணக்காகும்.