பீஸ் ரேட் விளையாட்டு

நாற்பது வயதில் ஒருவர் தினமும் மூன்று மணி நேரம் சீரியல் பார்க்கலாம். ஐ.பி.எல். பார்க்கலாம். வாட்ஸப்பில் வந்த வதந்தியை நாலு குரூப்புக்கு அனுப்பி வைக்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதே ஆள் அரை மணி நேரம் வீடியோ கேம் ஆடினால் மட்டும் வீடே கூடிவிடும். 'தோளுக்கு மேல வளந்த புள்ளய வெச்சுக்கிட்டு இந்த வயசுல என்ன வெளையாட்டு?'

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரர் வேண்டுமானாலும் கேட்டுவிட்டுப் போகட்டும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துக்காரர்கள் கேட்கக் கூடாது. அதற்கு அந்த மண்ணுக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன்.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த பூமி. வெயில்தான் மூலதனம். தீப்பெட்டி, பிறகு பட்டாசு, கூடவே அச்சு என்று மூன்று தொழில்கள் வேர்விட்டன. 'குட்டி ஜப்பான்' என்று பெயரும் வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் விளையாட்டு இருக்கிறது. இருட்டு விலகும் முன்பே கிராமங்களுக்கு கம்பெனி பஸ் வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 'தீப்பெட்டி ஆபீசு'க்குப் போகும். சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும், பெட்டி ஒட்ட வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும். எத்தனை முடித்தாயோ அத்தனைக்குக் காசு. பீஸ் ரேட்.

1990ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படமே எடுத்தார். 1986லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில். அந்த வழக்கு புறப்பட்டதே சிவகாசியிலிருந்துதான். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 31வது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. இந்தியா அதை 1992ல் ஏற்றது.

இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருப்பவர்கள் அந்தக் காலத்துக் குழந்தைகள். பத்து வயதில் ஆட வேண்டியதை ஆடவிடாமல் பெட்டி ஒட்டச் சொன்னோம். நாற்பது வயதில் ஆட உட்கார்ந்தால் வயசைக் காட்டி எழுப்புகிறோம். அப்படியென்றால் அவர்கள் எப்போதுதான் ஆடுவது?

*

சரி, வீடியோ கேமுக்கு வருவோம்.

நிஜ ஜப்பானில் ஒரு கம்பெனி. 1889ல் கியோட்டோவில் கையால் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கியது. அட்டை, வண்ணம், சித்திரம். சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லாத தொழில். அந்தக் கம்பெனியின் பெயர் நின்டெண்டோ. 1983ல் ஃபேமிகாம் என்ற டி.வி. கேம் கருவியையும், 1985ல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தையும் கொண்டு வந்தது. அதன் நகல்கள் தொண்ணூறுகளில் நம் ஊர்களுக்கு வந்தன. மஞ்சள் கேசட். மேலே '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது என்னவோ பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான். வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தெருமுனைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கேசட்டைக் கழற்றி 'ஃபூ' என்று ஊதிச் செருகிய கை உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அந்த ஆட்டங்களில் 'கான்ட்ரா' ஞாபகம் இருக்கிறதா? மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இந்த வரிசையில் அமுக்கினால் முப்பது உயிர் கிடைக்கும். இந்தச் சாவியைச் செய்தவர் கொனாமி கம்பெனியில் இருந்த கசுஹிசா ஹாஷிமோடோ. 1986ல் 'கிராடியஸ்' என்ற ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கக்கூட முடியாத அளவுக்கு அது கஷ்டமாக இருந்ததால் தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். அது உலகத்துக்கே கசிந்தது. 2020ல் அவர் காலமானார். அவர் கொடுத்த முப்பது உயிருக்கும் யாரும் பத்துப் பைசா வாங்கவில்லை.

இப்போது செல்போனைத் திறங்கள். 2012ல் வந்த 'கேண்டி கிரஷ்' ஆட்டத்தில் ஐந்து உயிர். ஒன்று போனால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரமா? காசு கொடு. உயிர் விற்பனைக்கு வந்துவிட்டது!

பலரும் 'எனக்கு வயசாயிடுச்சு, கேம்ல இன்ட்ரஸ்ட் போயிடுச்சு' என்கிறார்கள். இதை நான் நம்பத் தயாராக இல்லை. வயசானால் ஆசை போய்விடும் என்றால் எழுபது வயதுத் தாத்தா ஏன் ஆடுபுலி ஆட்டத்தில் அடம்பிடிக்கிறார்? பாட்டி ஏன் தாயத்தில் கள்ளாட்டம் ஆடுகிறாள்? ஆர்வம் செத்ததற்குக் காரணம் ஆட்டமே மாறிப் போனதுதான்.

இன்றைய செல்போன் கேம் எப்படி வேலை செய்கிறது, பாருங்கள். தினம் ஒரு முறை வந்தால் ஒரு பரிசு. ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு. நடுவில் ஒரு நாள் விட்டால் கணக்கு முதலிலிருந்து. இன்றைக்கு மூன்று வேலை முடித்தால் இத்தனை காசு. இவ்வளவு நேரத்துக்குள் முடிக்காவிட்டால் போச்சு. முடிவு என்று ஒன்று கிடையாது. ஆயிரமாவது கட்டம் முடிந்தால் ஆயிரத்தோராவது கட்டம்.

இதற்குப் பெயர் என்ன? வருகைப் பதிவேடு, டார்கெட், கட்டுக்கு இவ்வளவு என்ற கூலி. தீப்பெட்டி ஆபீசின் பீஸ் ரேட்டுதான் இது, மேலே கலர் லேபிள் ஒட்டி வந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், அங்கே உழைத்தவனுக்குக் கூலி கிடைத்தது. இங்கே உழைப்பவன்தான் காசு கட்டுகிறான்.

பகல் முழுக்க பீஸ் ரேட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ராத்திரியும் பீஸ் ரேட் என்றால் சலிக்காமல் என்ன செய்யும்? சலிப்பது ஆரோக்கியம்.

*

சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மிஷின்மேனாக இருக்கும் நண்பர் ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டி ஒட்டியவர். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளிவந்தால் டிசம்பர் வரை அவருக்கு ராத்திரி பகல் கிடையாது. போனில் இருந்த கேம்களையெல்லாம் எப்போதோ அழித்துவிட்டார். 'தெனம் வந்து கையெழுத்துப் போடுங்குது அண்ணாச்சி. பயராபீசுல கூட ஞாயித்துக்கெழம லீவு உண்டு.'

அவருக்கு ஆர்வம் திரும்பி வந்தது ஒரு மாசி மாதத்தில், மகனுடைய லேப்டாப்பில். ஆட்டத்தின் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை இறுதியில் வெளியிட்டது. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டுக்கும் ஆவி போகும் என்று யோசிக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது, காயின் கிடையாது. தமிழே வேண்டாம் என்று விலகிப் போகிற மகன் இருக்கிறான். இரண்டு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக ஆட்டமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டேன்.

'முடிஞ்சுது அண்ணாச்சி. நாளைக்கு வான்னு சொல்லல. அதான் பிடிச்சுது. மறுநாள் நானாப் போயி இன்னொரு கேம் தேடினேன்.'

விளையாட்டு என்றால் என்ன என்று 1938ல் ஒரு புத்தகம் முழுக்க எழுதினார் டச்சு வரலாற்றாசிரியர் யொஹான் ஹய்சிங்கா. சுருக்கமாகச் சொன்னால், யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாக ஆடுவது, அன்றாட வாழ்க்கைக்கு வெளியே, தனக்கென்று ஓர் இடமும் நேரமும் எல்லையும் உள்ளது, லாபம் கருதாதது. நம் மிஷின்மேன் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. விஷயம் மட்டும் பிடிபட்டுவிட்டது.

உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவரிடம் இன்னொன்றும் கேட்டேன். 'வீட்டுல தங்கச்சி ஆடிப் பாத்தாங்களா?'

'அவளுக்கு எங்க அண்ணாச்சி நேரம்?'

இந்தப் பதிலோடும் எனக்குச் சண்டை உண்டு. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் பெண்களின் கை இல்லாமல் எதுவும் ஓடாது. பகலில் அங்கே பீஸ் ரேட், காலையும் மாலையும் வீட்டில் ரேட்டே இல்லாத வேலை. இட்லி அவிக்கிற கேமை ஆண் உட்கார்ந்து ஆட, நிஜ இட்லியை அவள் நின்று அவிக்க வேண்டுமென்றால், விளையாட்டு வீட்டில் பாதிப் பேருக்குத்தான் திரும்பியிருக்கிறது. மாவு ஆட்டுவதை ஒரு நாள் நீங்கள் பாருங்கள் சார். லேப்டாப்பை அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

*

'அப்ப ஆன்லைன் ரம்மியில் வீட்டை விற்றவனுக்கு என்ன சொல்றீங்க?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

தற்கொலைகள் வரை போன விஷயம் அது. தமிழ்நாடு அரசு 2022ல் தடைச் சட்டம் கொண்டு வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி அவற்றின் மீதான தடையை சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறகு, பண ஆட்டங்கள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கூடாது என்று 2025ல் மாநில அரசு விதி போட்டது. அதை ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் வேறு, பொழுதுபோக்கு ஆட்டம் வேறு, பண ஆட்டம் வேறு என்று பிரித்துப் பேசுகிறது. டெல்லி பிரித்துப் பார்ப்பதை நம் வீட்டுத் திண்ணை பிரித்துப் பார்க்க மறுக்கிறது. 'கேம்' என்றால் எல்லாம் ஒன்று. மோரும் கள்ளும் ஒரே வெள்ளை என்கிற கதைதான்.

நேரடிச் சூதாட்டம் இல்லாத கேம்களிலும் திருட்டுச் சூதாட்டம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு வாங்கிக்கொண்டு விற்பார்கள். 2018லேயே பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இது சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் கேமிங் அடிமைத்தனம் 2022 முதல் இருக்கிறது. ஆடுகிறவன் கட்டுப்பாட்டை இழந்து, மற்ற வேலைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, பாதிப்பு தெரிந்தும் நிறுத்த முடியாமல் போனால் அது நோய். வழக்கமாக ஒரு வருடம் அப்படி நீடிப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அரை மணி நேரம் ஆடியவரைப் பார்த்து 'அடிக்ட்' என்று சொல்ல அதில் இடமில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'கேம் ஆடினா மூளை வளரும், இ-ஸ்போர்ட்ஸ்ல மெடல் வாங்கலாம், லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்' என்று ஆதரிப்பவர்கள். எதிர்ப்பவர்களைவிட இவர்களிடம்தான் எனக்கு பயம். லாபம் வந்தால்தான் விளையாட்டுக்கு மரியாதை என்றால், நாம் மறுபடியும் வந்து நிற்பது தீப்பெட்டி ஆபீஸ் வாசலில்.

ஆகவே, ஆர்வம் போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கு நான்கு கேள்விகள். உங்கள் ஆட்டம் என்றைக்காவது முடியுமா? ஒரு நாள் போகாவிட்டால் தண்டிக்குமா? நடுவில் காசு கேட்குமா? தோற்றால் சிரிக்க முடிகிறதா? முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் 'ஆமாம்', நடுவில் இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் தைரியமாக ஆடுங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் போனுக்கும் இதே நான்கு கேள்விகளைப் போடுங்கள்; போனைப் பிடுங்குவதைவிட அது பலன் தரும்.

வருஷம் முழுக்க நாட்டின் தீபாவளிக்காக உழைக்கிற பூமி அது. ஊர் கொண்டாட மருந்து இடித்தவர்களுக்கு, ஒரு காசும் தராத, ஒரு காசும் கேட்காத, வெறும் அரை மணி நேர ஆட்டம் பாக்கி இருக்கிறது. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.