கோடு எண்ணும் சாஸ்திரம்



ஜோசியர் ஜாதகத்தில் கட்டம் எண்ணுவார். நாமோ பத்து ரூபாய் நாணயத்தில் கோடு எண்ணக் கற்றுக்கொண்டோம். பத்துக் கோடு இருந்தால் நல்லதாம். பதினைந்து இருந்தால் கள்ளதாம். ரூபாய்க் குறி இல்லாவிட்டால் தொடவே கூடாதாம்! எந்த ரிஷி அருளிய சாஸ்திரமோ!

ரூபாய்க் குறி வந்ததே 2010-இல்தான். 2009-இலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட நாணயத்தில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கள்ள நாணயம் அடிக்கிறவனுக்குப் பத்து வரை எண்ணத் தெரியாதா, என்ன? பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. அறிவிப்பு நடந்து வந்தது. வதந்தியோ லாரி ஏறி முன்பே வந்துவிட்டது.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் நீட்டும் நாணயத்தைத் தள்ளினால், கட்டி வைத்த சர்க்கரைப் பொட்டலம் நம் கடையிலேயே தங்கிவிடும். பிறகு சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்து ஏச்சும் வாங்குவோம்.

"மொத்தக் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்களே" என்பார் சில்லறைக் கடைக்காரர். "எங்களிடம் யாரும் வாங்குவதில்லை" என்பார் மொத்த வியாபாரி. அந்த 'யாரும்' நாம்தானே? 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 1000 ரூபாய் வரை நாணயமாகவே செலுத்தலாம்.

ஆகவே மொத்த வியாபாரிகள் முதலில் வாங்கத் தொடங்குவோம். மற்றவர் தாமாகவே வாங்குவார்கள். "பத்து ரூபாய் நாணயம் வாங்கப்படும்" என்று கல்லா மேல் ஓர் அட்டையும் தொங்கவிடுவோம். நாணயம்தானே வணிகருக்கு அழகு!