எல்லாரையும் இகழ்ந்தால் அது நீதியாகிவிடுமா?

அமெரிக்க நாட்டின் 'ஃபேமிலி கை' என்னும் கேலிச்சித்திரத் தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. (பெயரிலுள்ள 'கை' நம் கரமன்று, ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'ஆள்' என்று பொருள்படும் சொல்.) முதற் பருவங்கள் நன்றாயிருந்தன, பிற்காலத்தவை சீர்கெட்டன என்பது ஒரு சாராரின் கட்சி. அன்று, எதையும் கூச்சமின்றிப் பேசும் துணிவு பின்னரே முதிர்ந்தது என்பது மறுசாராரின் கட்சி. வெளியிலிருந்து எவரேனும் குறை கூறினால் மட்டும் இருவரும் ஒரே விடையைக் கையில் எடுக்கின்றனர்: "இத்தொடர் எல்லாரையும் சமமாக இகழ்கிறது, ஆகவே எவரும் நோவதற்கில்லை." அந்த விடையைத்தான் நான் மறுக்க வந்தேன்.

வரைந்து அசைத்த படம் என்றதும் அது சிறுவர்க்குரியது என்று நம் தாய்மார் எண்ணிவிடக் கூடும். 14 வயதுக்குக் குறைந்தோர்க்கு ஏற்றதன்று என்னும் எச்சரிக்கைக் குறியோடு அமெரிக்காவிலேயே ஒளிபரப்பாவது அது. ரோட் ஐலண்டு மாநிலத்தில் குவாஹாக் என்றொரு கற்பனையூர். அங்கே குடியும் மடமையும் நிறைந்த தந்தை பீட்டர், தாய் லோயிஸ், மகள் மெக், மகன் கிறிஸ், பெரியவர் போலப் பேசும் கைக்குழந்தை ஸ்டூவி, மனிதரைப் போல் வாதாடும் நாய் பிரையன். சேத் மெக்ஃபார்லேன் உருவாக்கிய இத்தொடர் 1999 ஜனவரி 31இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2002இல் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்புக்குத் திரண்ட கூட்டத்தையும், விற்றுத் தீர்ந்த டிவிடி தட்டுகளையும் கண்ட நிறுவனம் 2005 மே மாதத்தில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இரசிகர்களே எழுப்பி நிறுத்திய தொடர் எனலாம். ஆதலின் அவர்களுடைய வழக்கைச் செவிமடுப்பது வீண் வேலையன்று.

முதற் கட்சியாரின் மனக்குறையில் உண்மை உண்டு. தொல்காப்பியர் நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். எள்ளல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. தொடக்கத்தில் பீட்டரின் பேதைமை நம்மை நகைக்க வைத்தது. நகைப்புக்குரியவனே அவன்; ஆயினும் மனைவி மக்கள்மேல் அவனுக்கு ஒருவகைப் பற்று இருந்தது. நாளடைவில் பேதைமை தேய்ந்து எள்ளலே எஞ்சியது. அறபு மொழியில் விளையாட்டுப் பேச்சுக்கு 'மிஸாஹ்' என்றும், இகழ்ந்து நகைப்பதற்கு 'ஸுக்ரிய்யா' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முன்னதிலிருந்து பின்னதற்குப் போன பயணத்தைத்தான் அந்த இரசிகர்கள் 'பழைய சுவை போயிற்று' என்று புலம்புகின்றனர். மெக்ஃபார்லேனே 2011இல், ஒரு தொடருக்கு ஏழு பருவங்கள் போதுமான ஆயுள் என்ற கருத்தை வெளியிட்டார். தொடரோ இருபது பருவங்களையும் தாண்டிவிட்டது.

மகள் மெக்கின் கதையைப் பாருங்கள். வீட்டாரனைவரும் அவளை அழகற்றவள், வேண்டாதவள் என்று ஏசுவது இத்தொடரின் நிலையான வேடிக்கை. 2011 அக்டோபரில் வந்த ஒரு பகுதியில் அவள் பொறுமையிழந்து, தாய் தந்தையரின் முகத்துக்கு நேரே அவர்களுடைய குற்றங்களை எடுத்துரைக்கிறாள். அவள் வாய் திறந்ததும் அந்தக் குடும்பமே சிதறத் தொடங்குகிறது. முடிவில், 'இவர்கள் ஒன்றாயிருப்பதற்கு ஏச்சு வாங்க ஒருத்தி வேண்டும். அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்' என்று அவள் பழைய நிலைக்கே திரும்புகிறாள்! இரசிகர்கள் பலருக்கும் இது கசந்தது. கசந்ததில் வியப்பில்லை. அத்தனை ஆண்டு நகைப்பும் எதன்மேல் நின்றது என்பதைக் கதையே ஒப்புக்கொண்டுவிட்டதல்லவா?

அதே மாதத்தில், கொடியவனொருவனிடம் அடிபடும் பெண்ணைப் பற்றி மிக உருக்கமான பகுதியொன்றும் வந்தது. பெண்களை வேட்டைப் பொருளாகவே காணும் குவாக்மையர் என்பானை ஆண்டுக்கணக்கில் வேடிக்கையாக்கியவர்கள், அவனுடைய உடன்பிறந்தாளுக்காக ஒரே நாளில் கண்ணீர் கேட்டனர். கண்ணீர் வரவில்லை. இரசிகர்கள் அப்பகுதியைத் தொடரின் மட்டமானவற்றுள் ஒன்றாக வைத்தனர்.

பஸராவின் அல்ஜாஹிழ் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கருமிகளைப் பற்றிக் 'கிதாபுல் புகலா' என்றொரு நூல் செய்தார். படிப்பவர் வயிறு நோகச் சிரிப்பர். ஆயினும் அந்நூலில் கருமிகள் வாயடைத்து நிற்கவில்லை. தம் கட்சியை அவர்கள் எடுத்துவைக்கும் நாவன்மையில்தான் பாதிச் சுவை இருக்கிறது. இகழப்படுபவனுக்கு நாவைக் கொடுத்துவிட்டு இகழ்வது ஒன்று. நாவைப் பிடுங்கிக்கொண்டு இகழ்வது வேறொன்று.

மறுகட்சியார் கையிலும் ஒரு நல்ல சான்று உண்டு, மறைக்க மாட்டேன். 2010 பிப்ரவரியில் வந்த ஒரு பகுதியில் டவுன் குறைபாடுள்ள பெண்ணொருத்தி கதாபாத்திரமாக வந்தாள். அக்குறைபாடுள்ள குழந்தைக்குத் தாயான அலாஸ்காவின் முன்னாள் ஆளுநர் சாரா பேலின் வெகுண்டார். ஆனால் அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த ஆண்ட்ரியா ஃபே ஃப்ரீட்மன் தாமும் அதே குறைபாட்டுடன் பிறந்தவர். அவர் அந்த நகைச்சுவையின் பக்கமே நின்றார். நன்று. அந்தப் பாத்திரமும் வாயாடி. பீட்டரின் மகன் கிறிஸை அதட்டி ஆள்பவள். நாவுள்ள பாத்திரம், நாவுள்ள நடிகை. நான் சொல்வதற்கு இது மாறன்று.

இனி அந்தச் 'சமத்துவ'த்துக்கு வருவோம். 2019இல் ஒருபாலீர்ப்பினரைக் கேலி செய்யும் துணுக்குகளைப் படிப்படியாகக் கைவிட எண்ணுவதாகத் தயாரிப்பாளர்களே கூறினர். 1999 முதல் கிளீவ்லண்ட் என்னும் கறுப்பின மனிதருக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளையரான மைக் ஹென்றி, 2020 ஜூனில் அப்பொறுப்பைத் துறந்தார். ஆரிஃப் ஸாஹிர் என்னும் கறுப்பினக் கலைஞர் அவ்விடத்துக்கு வந்தார். இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. கேட்பதெல்லாம் இதுதான்: எல்லார்க்கும் ஒரே அளவில் விழும் இகழ்ச்சியாயின், ஒருவர் திறத்தில் மட்டும் அளவுகோலை மாற்றுவானேன்? உரக்கக் கேட்கும் வலிமை பெற்றவர் மதிக்கப்பட்டனர்; அவ்வளவே. சமம் என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிட்டது.

அவ்வலிமை பெறாதவர் என்னவாகின்றனர் என்பதற்கு 2013 மார்ச் 17இல் ஒளிபரப்பான பகுதி சான்று. மருத்துவமனையில் பீட்டருக்கு மஹ்மூது என்னும் முஸ்லிம் நண்பர் கிடைக்கிறார். முஸ்லிம் என்ற ஒன்றினாலேயே தோழர்கள் அவரை ஐயுறுகின்றனர். இந்த ஐயத்தைப் பார்த்து நகைத்திருக்கலாம். நகைப்பதற்கு அதில் எவ்வளவோ இருந்தது. கதையோ ஐயத்தை மெய்ப்பித்துவிடுகிறது! மஹ்மூது பாலத்தைத் தகர்க்கச் சதி செய்பவராகவே வெளிப்படுகிறார். நாற்பது வீட்டுக்கு ஒரு முஸ்லிம் வீடுகூட இல்லாத ஊரில் அதைப் பார்த்த சிறுவன், மறுநாள் தன் வகுப்பிலிருக்கும் ஒரே முஸ்லிம் மாணவனை எப்படிப் பார்ப்பான்?

அடுத்த மாதம் 15ஆம் நாள் பாஸ்டன் நகரத்து நெடுந்தூர ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தன. அப்பகுதியில் வேறுவேறிடத்தில் வந்த ஓட்டக் காட்சியையும் வெடிப்புக் காட்சியையும் யாரோ வெட்டி ஒட்டி, தொடர் முன்னறிந்து சொன்னதுபோல் பரப்பினர். மெக்ஃபார்லேன் அந்த ஒட்டு வேலையைக் கடுமையாகக் கண்டித்தார்; அது நியாயமே. ஃபாக்ஸ் நிறுவனமும் அப்பகுதியைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்தது. எடுத்தது பாஸ்டனின் துயரத்தை எண்ணி, மஹ்மூதை எண்ணியன்று.

அவ்வாண்டே நவம்பர் 24இல் நாய் பிரையன் வண்டியில் அடிபட்டு இறந்ததாகக் கதை வந்தது. இரசிகர் உலகம் துடித்தது. நாயைத் திரும்பக் கொண்டுவரக் கோரும் விண்ணப்பத்தில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். டிசம்பர் 15இல் பிரையன் மீண்டான். (விண்ணப்பத்துக்கு இரங்கியன்று, முன்னமே எழுதி வரைந்து வைத்திருந்த கதைதான் அது.) நாய்க்கு இரங்குவதை நான் பழிக்கவில்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்ற ஹதீஸைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். அந்த இலட்சம் பேரில் எத்தனை பேர், எட்டு மாதங்களுக்கு முன் மஹ்மூதின் கதையைப் பார்த்துவிட்டு ஒரு வரியேனும் எழுதினர்?