உறுப்பு தானத்துக்குப் பிறகு இன்னொரு தானம்

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரைப் பார்க்கப் போனால், "இனி கவலையில்லை, மறுபிறவிதான்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். ஆனால் வந்த உறுப்பை உடம்பு வெளியே தள்ளாமலிருக்க அவர் நாள் தவறாமல் மாத்திரை விழுங்கவேண்டும். அந்த மாத்திரைகள், வைரஸ்களை அடக்கிவைக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களின் கையையும் கட்டிப்போடுகின்றன.

எப்ஸ்டீன்-பார் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் கண்டறியப்பட்டது. பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிறது. எதிர்ப்புசக்தி தாழ்ந்தால் தலைதூக்கி, சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயையே உண்டாக்கிவிடும்.

இதற்கு மருத்துவர்கள் கண்ட வழி எளிமையானது. நலமாக உள்ள ஒருவரின் இரத்தத்திலிருந்து டி செல்களை எடுத்து, அந்த வைரஸை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, நோயாளிக்கு ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். 1990-களில் எலும்பு மஜ்ஜை கொடுத்தவரின் செல்களையே, அதைப் பெற்றவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு முன்பின் அறியாதவரின் செல்களை உறையவைத்துத் தயாராக வைக்கலானார்கள். அப்படிப்பட்ட 'எப்வாலோ' என்ற மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. இந்த வகையில் உலகிலேயே அதுதான் முதல்.

எல்லாமே வெற்றி என்று சொல்லமாட்டேன். பல வைரஸ்களை ஒருசேர எதிர்க்கும் 'போசோலியூசெல்' மருந்தின் மூன்று இறுதிக்கட்ட ஆய்வுகள், பலன் கிட்டாது என்று தெரிந்து 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. ஆகவே ஆய்வு தொடரவேண்டும்.

ஆனால் அதை வெளிநாட்டு நிறுவனங்களிடமே விட்டுவிடக்கூடாது என்பது என் கருத்து. காரணம், இரத்தத்துக்கு குரூப் இருப்பதுபோல் திசுவுக்கும் உண்டு. அதை 1958-இல் முதலில் கண்டு சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே. 1980-இல் நோபல் பரிசு பெற்றார். கொடுப்பவரின் திசு வகை நோயாளியோடு ஓரளவாவது ஒத்துப்போனால்தான் செல்கள் வேலை செய்யும். திசு வகைகளோ மக்களுக்கு மக்கள் மாறுபடுகின்றன. ஐரோப்பியருக்காகச் சேர்த்த செல்கள் நம்மவருக்குப் பொருந்தும் என்று எதை வைத்து நம்புவது?

அரசு மருத்துவமனைகளில் இரத்த வங்கி இருக்கிறது, கொடுக்க மனமுள்ள இளைஞர்களும் இருக்கிறார்கள். அதோடு ஒரு டி செல் வங்கியும் அரசுச் செலவில் வேண்டும். ஒருவர் கொடுத்தது பல நோயாளிகளுக்கு உதவும். கொடுத்தவருக்கும் ஒன்றும் குறையாது.

இரத்ததானம் 65 வயதோடு முடிந்துவிடுகிறது. நம் வயதுக்காரர்கள் கொடுக்க முடியாது. ஆனால் மனு எழுத முடியும். அது நமக்குக் கைவந்த கலைதானே?