மஞ்சள் சுவர் யாருக்குச் சொந்தம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் நடப்பவர் பத்தடிக்கு ஒருமுறை நின்று வழிவிட வேண்டியிருக்கிறது. மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, மேலே காகிதப்பூக் கொத்து. அதன் முன்னே ஒரு பெண் யாரையோ பார்த்துவிட்டவர்போல் சிரித்துக்கொண்டே திரும்புகிறார். எதிரே யாருமில்லை. "இன்னொரு தடவை, மெதுவா நடந்து வா" என்கிறது செல்போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அடுத்த ஜோடி தலைவாரிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளம்பர மோகம் என்று சலித்துக்கொள்ளப் புதுச்சேரிக்காரர்களுக்கு அருகதை குறைவு. காதணி விழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் தெருமுனையை அடைத்து பேனர் வைத்த ஊர் இது. அரசியல் தலைவர் ரங்கசாமியின் பிறந்தநாளான ஆகஸ்ட் 4 நெருங்கினால், அவர் மன்னராகவும் சினிமா நாயகராகவும் சாலையெங்கும் அவதாரம் எடுப்பார். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிரான சட்டம் 2000-லிருந்தே இருக்கிறது, பேனர்களும் இருக்கின்றன.

ஆனால் அந்த பேனரின் கீழ்ப்பகுதியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள்: தாய்மாமன், சித்தப்பா மகன், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள். ஒருவர் படம் விடுபட்டால் விழா முடிந்தும் மனஸ்தாபம் தீராது. மஞ்சள் சுவர்ப் படத்தில் இருப்பவர் ஒருவரே. அரைமணி நேரம் மண்டியிட்டும் குனிந்தும் படமெடுத்துக் கொடுத்த தோழிக்கு அதில் இடமில்லை. தற்பெருமை இரண்டிலும் உண்டு. பேனர், தெரிந்தவர்களுக்கு முன்னால் தெரிந்தவர்களோடு நின்று காட்டியது. சுவர்ப் படம், தெரியாதவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கச் சொல்கிறது.

2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது ஒரு நல்ல படம் போதுமானதாக இருந்தது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அடுத்த சில நாட்களிலேயே இந்தியாவில் ரீல்ஸ் நுழைந்தது. நின்றால் போதாது, நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், துப்பட்டா பறக்க வேண்டும். ஒருவர் போட்ட படத்தின் லொக்கேஷனைப் பிடித்து இன்னொருவர் அதே கதவைத் தேடி வருகிறார். எங்கே நிற்பது, எப்படிச் சிரிப்பது என்பதெல்லாம் பேருந்து ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது.

பாரிஸிலும் இதே கதைதான். வண்ண வீடுகள் கொண்ட க்ரெமியூ வீதியில் குடியிருப்பவர்கள் 2019-ல் பொறுமை இழந்து, மாலையிலும் வார இறுதியிலும் தெருவுக்குக் கதவு போட்டுப் பூட்டுங்கள் என்று மாநகராட்சியிடம் கேட்டார்கள். அந்தத் தெருக்காரர் ஒருவர், அங்கே வந்து போஸ் கொடுப்பவர்களைப் படமெடுத்துக் கிண்டலாக இன்ஸ்டாகிராமிலேயே போட்டதும் உண்டு.

புதுச்சேரியில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சு வீடு தெருவோடு பேசுவதற்காகக் கட்டப்பட்டதல்ல. உயர்ந்த சுவர், கனத்த கதவு; தோட்டமும் தூண் வரிசையும் உள்ளே. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீடுகளில் வழிப்போக்கனும் உட்காரத் திண்ணை, அதற்கு மேல் தாழ்வாரம். அப்படிப்பட்ட வைசியாள் வீதியின் புதுப்பிப்புக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது வரிசையில் இடம் கிடைத்தது. இருந்தும் செல்போன்கள் மொய்ப்பது முகம் காட்டாத சுவர்களைத்தான். திண்ணைத் தெருவின் அழகை விரித்து எழுதவும் தயக்கமாக இருக்கிறது. அடுத்த வாரமே அங்கும் ஒரு வரிசை நின்றுவிடும்.

செல்போனோடு வருபவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, தடுக்கவும் முடியாது. ஆனால் ரிப்ளெக்டர், ட்ரோன், காருக்குள் மூன்று செட் உடுப்பு என்று வந்திறங்கும் ப்ரீ வெட்டிங் ஷூட் ஒரு தொழில். சினிமா படப்பிடிப்புக்கு அனுமதியும் கட்டணமும் இருக்கும் ஊரில் இதற்கும் நேர வரம்பும் கட்டணமும் வைப்பதில் தவறில்லை. அந்தப் பணத்துக்குத் தேவையும் இருக்கிறது. 2014 நவம்பர் மழையில், நகர மண்டபமான மேரி கட்டடமே சரிந்து விழுந்ததை ஊர் பார்த்தது. அரசுக் கட்டடம் என்பதால் அது மீண்டும் எழுந்து 2021-ல் திறக்கப்பட்டது. தனியார் வீடுகளில், உப்புக்காற்றில் உரியும் சுவருக்கு மறுபடி பூச்சும் வண்ணமும் அடிக்கிற செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான். கட்டணம் வசூலானால் அதில் ஒரு பங்கு அவர்களுக்கும், வாய்க்காலுக்கு மேற்கே ஓடு சரிந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கும் போகட்டும்.